ஷோபானின் இரண்டாம் சொனாட்டா: எந்தப் பாருக்குத் திரும்புவது?

இரட்டைக்கோடு:
இசையமைப்பாளர் ஷோபானின் பி பிளாட் மைனர் பியானோ சொனாட்டாவை (ஓபஸ் 35) வாசிப்பவர்களில் பெரும்பாலோர், முதல் மூவ்மெண்ட்டின் எக்ஸ்பொசிஷன் (தீம்களை, அதாவது முக்கிய மெட்டுகளை, அறிமுகம் செய்யும் பகுதி) முடிந்ததும் ஐந்தாம் பாருக்கு (தாளக்கட்டத்துக்கு), அதாவது 'டொப்பியோ மொவிமெண்ட்டோ' என்று வேகம் இரட்டிக்கும் இடத்துக்குத் திரும்புகிறார்கள். 1840இல் லைப்சிக்கில் பிரைட்கோப் வெளியிட்ட முதற்பதிப்பு அப்படித்தான் சொல்கிறது. அதே ஆண்டு பாரிசில் த்ரூப்பனா வெளியிட்ட முதற்பதிப்பிலோ, அந்த இடத்தில் ரிப்பீட் குறியே (திரும்ப வாசிக்கச் சொல்லும், இரு புள்ளிகள் கொண்ட குறி) கிடையாது. தொடக்கக் குறி இல்லையென்றால் முடிவுக் குறி நம்மை முதல் பாருக்கே அனுப்பும் என்பது எல்லோரும் அறிந்த விதி. ஆகவே முதல் நான்கு பார்களில் வரும் மெதுவான முன்னுரையான 'கிராவே'யும் சேர்ந்தே திரும்ப வரவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பியானோ கலைஞரும் இசை ஆய்வாளருமான சார்ல்ஸ் ரோசன் 1990இல் வாதிட்டதும் இதுவே. பிராம்ஸ் இந்தச் சொனாட்டாவைப் பதிப்பித்தபோதும் தொடக்கத்துக்கே திரும்பச் செய்தார்.

கீழ்ஸ்தாயி:
நண்பர் ஒரு குறியின் இன்மையை ஒரு கட்டளையாகப் படிக்கிறார். லைப்சிக் பதிப்பு வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஷோபானின் மாணவர் கூட்மன் எழுதிய படியில் ஷோபானே தம் கையால் திருத்தங்கள் செய்து, அதை அச்சுக்கு அனுப்பினார். அதைவிட எனக்கு முக்கியமானவர் மிக்குலி. 1844 முதல் 1848 வரை ஷோபானிடம் பயின்றவர். பிற மாணவர்களின் பாடங்களிலும் உடனிருந்து குறிப்பெடுத்தவர். அவருடைய பதிப்பில் கிராவே முடிந்த இடத்தில்தான் ரிப்பீட் குறி இருக்கிறது. ஆசிரியரின் அறையில் இருந்தவர் சொல்வதைத் தள்ளிவிட்டு, பாரிஸ் அச்சுத் தகட்டில் இல்லாத இரண்டு புள்ளிகளை நம்பச் சொல்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

இரட்டைக்கோடு:
ஷோபான் பாரிசில் வாழ்ந்தவர் என்பதால் பாரிஸ் அச்சுப்படிகளைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. லைப்சிக் படிகள் அவர் கைக்கு வருவதில்லை, அங்கே பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநர்களே பலவற்றைச் சீர்செய்துவிடுவார்கள். மிக்குலியின் பதிப்போ சொனாட்டா அச்சாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது. அதற்குள் லைப்சிக் குறி வழக்கமாகி வேரூன்றிவிட்டது.

ஆனால் ஆதாரங்களின் சண்டையை விட்டுவிட்டுச் சுரங்களையே கேட்போம். எக்ஸ்பொசிஷனின் இறுதி பார்களில் இசை ஏ பிளாட் டாமினண்ட் செவன்த் கார்டில் (சுரக்கூட்டில்) வந்து நின்று, டி பிளாட்டை எதிர்நோக்கி நீள்கிறது. கிராவேயின் முதல் சுரம் என்ன? இடக்கையின் ஆழத்தில் ஒலிக்கும் டி பிளாட் ஆக்டேவ். எதிர்பார்த்த சுரம் அங்கே காத்திருக்கிறது. மாறாக ஐந்தாம் பாருக்குத் தாவினால், மெலடி எதுவும் இல்லாமல் நான்கு பார்களுக்கு இடக்கையின் பி பிளாட் மைனர் துணையோசை மட்டும் ஓடுகிறது. முடியாத ஒரு வாக்கியத்தின் நடுவே வேறொரு வாக்கியம் புகுந்ததுபோல் அது கேட்கிறது.

மூன்றாம்விரல்:
இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். ரீகேப்பிட்டுலேஷனில் (எக்ஸ்பொசிஷனின் தீம்கள் வழக்கமாக மீண்டும் வரும் பகுதி) ஷோபான் முதல் தீம் முழுவதையும் விட்டுவிட்டு, இரண்டாம் தீமுடன் பி பிளாட் மேஜரில் தொடங்குகிறார். எனவே எக்ஸ்பொசிஷனைத் திரும்ப வாசிக்காதவர், முதல் தீம் அதன் முழு வடிவில் ஒரே ஒருமுறைதான் கேட்கும்படி செய்கிறார். எந்தப் பாரிலிருந்து என்பதற்கு முன், திரும்பவே செல்லாமல் நேரே கடந்துவிடும் பழக்கம்தான் பெரிய இழப்பு.

கீழ்ஸ்தாயி:
அது சரியே. டி பிளாட் வாதத்தின் வலுவையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பீத்தோவனின் ஓபஸ் 111ஐப் பாருங்கள். அங்கும் மெதுவான 'மாயெஸ்தோசோ' முன்னுரை உண்டு; திரும்புதல் 'அலெக்ரோ'விலிருந்தே நடக்கிறது. அத்தகைய முன்னுரை ஒருமுறை மட்டுமே கடக்கவேண்டிய வாசல். மேலும் அந்த ஏ பிளாட் கார்டு, இரண்டாம் முறையும் டி பிளாட்டில் இளைப்பாறுவதில்லை. அடுத்து வரும் டெவலப்மெண்ட் (தீம்களை விரித்தாளும் பகுதி) எஃப் ஷார்ப் மைனரில் தொடங்கிவிடுகிறது. தீராமல் விடுவதே ஷோபானின் எண்ணம் என்று ஏன் கொள்ளக்கூடாது?

இரட்டைக்கோடு:
அந்த எஃப் ஷார்ப் மைனரில் இடக்கை என்ன வாசிக்கிறது என்பதையும் பாருங்கள். கிராவேயின் அதே உருவம்தான் முதல் தீமின் துண்டுகளோடு மாறி மாறி அங்கே வருகிறது. கிராவேக்குத் திரும்பினால், எக்ஸ்பொசிஷன் முடிந்த இரு தடவையும் அந்த உருவமே அதைத் தொடர்கிறது. ஓபஸ் 111இன் முன்னுரை உருவம் டெவலப்மெண்ட்டின் வாயிலில் இப்படி வந்து நிற்பதில்லை. ஆகவே அந்த ஒப்புமை இங்கே பொருந்தவில்லை.

கீழ்ஸ்தாயி:
இது வலுவான கருத்து. நாளை பியானோவில் இரண்டு வழிகளையும் வாசித்துப் பார்க்கிறேன். ஆனால் மிக்குலி பழைய அச்சை அப்படியே பின்பற்றினார் என்பதற்கு நீங்கள் இன்னும் ஆதாரம் காட்டவில்லை. அது வரும்வரை என் பிரதியில் அந்தப் புள்ளிகளை அழிக்கமாட்டேன்.