புதுப்பிப்பு: சிறுநீரக நோயில் உடற்பயிற்சியும் குடல் பாக்டீரியாவும்

நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் குடல் பாக்டீரியாவைப் பற்றி எழுதிய முந்தைய பதிவில், உடற்பயிற்சி அவற்றை மாற்றுமா என்ற கேள்விக்கு விடையளிக்காமல் நிறுத்தியிருந்தேன்; இது அதன் தொடர்ச்சி.

சிறுநீரகம் வெளியேற்றத் தவறும் யூரியா குடலுக்குள் கசிந்து, பாக்டீரியாக்களால் அம்மோனியாவாகி, குடற்சுவரின் காப்பைத் தளர்த்துகிறது. புரதத்தைச் சிதைக்கும் இனங்கள் பெருகுவதால் இண்டாக்சில் சல்பேட், பாரா-கிரெசில் சல்பேட் போன்ற நச்சுகள் இரத்தத்தில் சேர்கின்றன. இவை இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸாலும் எளிதில் அகல்வதில்லை. எனவே இவற்றின் உற்பத்தியைக் குடலிலேயே குறைப்பதுதான் முதன்மையான வழி என்று கருதுகிறேன்.

உடற்பயிற்சி குடல் இயக்கத்தைத் தூண்டுவதால், பெருங்குடலில் புரதம் நொதிக்கக் கிடைக்கும் நேரம் குறையக்கூடும். மலச்சிக்கல் பரவலாக உள்ள இந்நோயில் இது சிறிய செய்தியன்று. சிறுநீரக நோயில்லாத, உடற்பருமனற்ற பெரியவர்களிடம் 6 வார ஏரோபிக் பயிற்சி பியூட்டிரேட் என்னும், குடற்சுவருக்கு ஊட்டமளிக்கும் கொழுப்பமிலத்தை உருவாக்கும் பாக்டீரியாக்களைக் கூட்டியதையும், பயிற்சியை நிறுத்தியபின் அம்மாற்றம் பெரிதும் மறைந்ததையும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் சிறியவையே என்பதால், இதை மருந்துக்கு மாற்றாக எவரும் கருதலாகாது.

சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல்களை வகுக்கும் கேடிகோ (KDIGO) அமைப்பின் 2024 வழிகாட்டுதல், வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பை, அல்லது இதயமும் உடலும் தாங்கும் அளவை, அறிவுறுத்துகிறது. பயிற்சியோடு நார்ச்சத்தையும் கூட்ட விரும்புவோர், அத்தகைய உணவுகள் பலவற்றில் பொட்டாசியமும் மிகுதி என்பதால், இரத்தத்தில் அதன் அளவை மருத்துவரிடம் சரிபார்த்த பின்னரே தொடங்க வேண்டும்.