டீயை விட்டேன், கோபம் கூடிவிட்டது. "தன்னைத்தான் வெறுத்து" என்றால் நடைமுறையில் என்ன?

நைட் ஷிப்ட் (கடலூர்):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் லூத்தரன் சபை, மஞ்சக்குப்பத்தில் வீடு, சிப்காட்டில் ஷிப்ட் வேலை. இந்த லெந்து நாட்களுக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக்கு, டீயை விட்டேன். சிரிக்காதீர்கள், ஒரு நாளைக்கு ஆறேழு டீ குடிக்கிற ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாரும் கேண்டீனில் கிளாஸை உருட்டிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் வெந்நீர் டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். முதல் வாரம் தலைவலி, அடுத்த வாரம் தலைவலி போய் எரிச்சல் வந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்தால், சின்னவள் ஷூவுக்குள் மணலை வாரிக்கொண்டு வந்து கட்டில் மேல் கொட்டி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கத்து கத்தினேன். என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "டீயை விட்டது நீங்க, சிலுவை சுமக்கிறது நாங்க."

அன்றிலிருந்து லூக்கா 9:23 மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் பண்ணினது. மத்தேயுவிலும் மாற்குவிலும் இதே வார்த்தை இருக்கிறது, ஆனால் "அனுதினமும்" என்பது லூக்காவில் மட்டும்தான். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தினம் தினம், அதுவும் ஷிப்ட் முடிந்து பஸ் ஜன்னலில் தலை முட்டத் தூங்கி வருகிறவன், எடுக்க வேண்டிய சிலுவை எது?

நான் ஒன்றும் செய்யாமல் இல்லை. தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறேன். சபை மண்டபக் கூரைக்கு 25,000 ரூபாய் பொருத்தனை பண்ணியிருக்கிறேன், அம்மாவின் முட்டி வைத்தியத்துக்குப் பாதிச் செலவு கேட்டு அண்ணன் போன் பண்ணினபோதுகூட "அது ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த பணம், இப்போ முடியாது" என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கும் ஷிப்ட் இல்லாத வாரம் போகிறேன். இருந்தும் உள்ளே ஏதோ சரியில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது.

மிஷன் வீதிக்காரன் (புதுச்சேரி):

அண்ணே, அண்ணி சொன்னதுதான் சரியான பிரசங்கம், ஆனால் நீங்கள் கேட்டுவிட்டதால் நானும் ரெண்டு வார்த்தை.

நான் கத்தோலிக்கன், எங்களுக்கு இது தவக்காலம். பழைய ஆட்கள் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று சொல்வார்கள். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு, சுத்தபோசனம் என்றால் கறி கிடையாது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, 18 வயதிலிருந்து 59 முடிகிறவரை கட்டாயம். சுத்தபோசனம் 14 வயதிலேயே ஆரம்பம். மீனுக்கு மட்டும் தடை இல்லை. அதனால் எங்கள் வீட்டில் தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, மாமனார் வந்திருந்தால் நண்டு. "ஆண்டவர் பாடுபட்ட நாள்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே அவர் ரெண்டாவது துண்டை எடுப்பார். சட்டம் ஒன்றும் மீறப்படவில்லை. உங்கள் டீயாவது தலைவலி கொடுத்தது.

அப்புறம் அந்த வசனம். எங்கள் திருவிவிலியத்தில் அது "தன்னலம் துறந்து" என்று இருக்கிறது. உங்களுடையதில் "தன்னைத்தான் வெறுத்து". எனக்கு ரெண்டுமே முழுசாகப் போதவில்லை. வெறுக்கச் சொன்னால் சிலர் தன்னையே கேவலமாக நினைத்துக்கொண்டு கூனி நடப்பதுதான் பக்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தன்னலம் துறக்கச் சொன்னால் நன்கொடை ரசீதோடு விஷயம் முடிந்துபோகிறது. மறைக்கல்வி வகுப்பில் ஒரு சாமியார் சொன்னார், கிரேக்கத்தில் அந்த இடத்தில் வெறுப்பு என்கிற சொல்லே இல்லையாம். லூக்கா 14:26-இல் தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் என்று வருகிறதே, அங்கே இருப்பதுதான் வெறுப்பு. இங்கே இருப்பது மறுதலிப்பது. சேவல் கூவுவதற்கு முன்னால் பேதுரு செய்தாரே, அதே வேர்ச்சொல். இயேசுவோடு இருந்தவன்தானே என்று கேட்டபோது முற்றத்தில் நின்றுகொண்டு "அந்த மனுஷனை அறியேன்" என்றார். அதை நமக்குள்ளேயே ஒருத்தன் "நான் யார் தெரியுமா" என்று எழுந்து நிற்கிறானே, அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டும். யாருப்பா நீ, எனக்குத் தெரியாதே.

சொல்வது சுலபம். அந்த ஆளுக்கு டீ பழக்கம் மட்டுமா இருக்கிறது, சாதி இருக்கிறது. எங்கள் ஊர் சம்பா கோயிலின் இப்போதைய கட்டிடம் 1791-இல் முடிந்தது. அதற்கு முன்பிருந்த கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து ஒரு சுவர் நின்றதையும், அவர்கள் போய் முறையிட்டு அது இடிபட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அது போய் 275 வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் தங்கைக்கு வரன் பார்த்தபோது ஒருவர் "ஆர்.சி.தானே?" என்று கேட்டுவிட்டு அடுத்து என்ன கேட்டார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தினமும் பூசைக்கு வருகிற மனிதர், தவக்காலம் முழுக்க முகம் மழிக்காதவர். நானும் பதில் சொன்னேன், கூச்சமே இல்லாமல், கொஞ்சம் பெருமையாகக்கூட. கறியை எந்த வெள்ளிக்கிழமையும் என்னால் விட முடியும். அன்றைக்கு அந்தப் பதிலை விழுங்க முடியவில்லை.

உப்புக்காற்று (கடலூர் முதுநகர்):

பிரதர், உங்கள் மனைவி சொன்ன வரியைக் கொஞ்ச நாள் அப்படியே வைத்திருங்கள், உடனே விளக்கம் தேடி ஓடாதீர்கள்.

இந்த வசனம் பெண்கள் காதில் வேறு மாதிரி விழும். எங்கள் வீட்டில் தோசை சுடும்போது முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், கடைசித் தோசைக்கு மாவு பத்தாமல் உள்ளங்கை அளவுதான் வரும். அந்த ரெண்டும் அம்மாவுக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த ரெண்டும் எனக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, அதுவாக நடந்தது. எங்களிடம் வந்து சுயத்தை வெறு என்றால், எதை? மிச்சம் இருந்தால்தானே.

கணவர் குடிப்பார், கை நீட்டுவார். சபையில் பெரியவர் ஒருவரிடம் போய் அழுதேன். "சகித்துக்கோங்க சிஸ்டர், அதுதான் உங்க சிலுவை" என்றார். எட்டு வருஷம் சகித்தேன். அப்புறம் ஒரு நாள் யோவான் 18 படித்துக்கொண்டிருந்தேன். பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். அவர் மறு கன்னத்தைத் திருப்பவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்கிறார். சிலுவைக்குப் போகிற அதே ராத்திரியில். எத்தனையோ பெரிய வெள்ளிக்கு வாசிக்கக் கேட்ட அதிகாரம், அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மறுநாள் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் பண்ணினேன்.

அன்று நான் விட்டது என்ன தெரியுமா, "எவ்வளவு பொறுமைசாலி பாரு அந்த அக்கா" என்று சபையில் எனக்கு இருந்த பேர். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். அடியைவிட அது வலித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வலித்தது. மிஷன் வீதித் தம்பி சொல்கிற அந்த ஆள், என் விஷயத்தில், அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்தவள்.

சிலுவையை அவனவன் எடுத்துக்கொள்ளத்தான் சொல்லியிருக்கிறது. அடுத்தவர் தோளில் தூக்கி வைத்துவிட்டு வசனம் சொல்லச் சொல்லவில்லை. இயேசுவின் சிலுவையையே சிரேனே ஊர் சீமோன் மேல் வைத்தார்களே என்று யாராவது கேட்பீர்கள். வைத்தது சேவகர்கள், இயேசு இல்லை.

வீட்டுக்காரர் இப்போது திருந்திவிட்டார் என்று சாட்சி சொல்லி முடிக்க ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தனியாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், பிய்ந்த தோசையைக் காக்காய்க்கு வைக்கிறேன்.

உழவாரம் (திருப்பாதிரிப்புலியூர்):

நான் கிறிஸ்தவன் இல்லை, தலைப்பைப் பார்த்து உள்ளே வந்துவிட்டேன், மன்னிக்கவும். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய ஊர் இது என்பது எங்கள் நம்பிக்கை, பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. அவர் பாடிய "என் கடன் பணி செய்து கிடப்பதே" எங்கள் வண்டியில்கூட எழுதியிருக்கிறது. போன வருஷம் வெளியூர்க் கோயில் ஒன்றுக்கு முப்பது பேர் வேன் பிடித்து உழவாரப் பணிக்குப் போனோம். பிரகாரத்துப் புல்லைச் செதுக்க இருபத்தெட்டு பேர், போட்டோ எடுக்கும்போது அந்த இருபத்தெட்டு பேர் கையிலும் உழவாரம். பக்தர்கள் கழிவறையைக் கழுவப் போனது ரெண்டு பேர். அந்த ரெண்டில் நான் இல்லை.

நைட் ஷிப்ட் (கடலூர்):

அக்கா, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. மனைவியிடமும் படித்துக் காட்டினேன், அவள் "தோசை கரெக்டு" என்று மட்டும் சொன்னாள். மற்றவர்களுக்கும் நன்றி. ஆனால் என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லையே. என் சிலுவை எது?

கணக்கு வாத்தியார் (நெல்லிக்குப்பம்):

தம்பி, அது உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. கூரைக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், இத்தனை பேர் தாண்டிப் போய்விட்டார்கள். அண்ணன் போன்.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கொர்பான் என்று ஒன்று வரும், காணிக்கை என்று அர்த்தம். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று விட்டுவிடுகிறீர்களே என்று இயேசு பரிசேயரைக் கேட்கிறார். நீங்கள் அண்ணனிடம் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அதுதான். புதுச்சேரி தம்பி மறுதலிப்பதைப் பற்றி நன்றாகச் சொன்னார். 1 தீமோத்தேயு 5:8-இலும் அந்தச் சொல் வருகிறது: தன் வீட்டாரை விசாரியாமற்போனால் அவன் "விசுவாசத்தை மறுதலித்தவன்".

வாத்தியார் புத்தி, டீக்கும் ஒரு கணக்குப் போட்டேன். டீ 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு ஆறு டீ 72 ரூபாய், நாற்பது நாளைக்கு 2,880. அது எங்கே போயிற்று? ஏசாயா 58-இல் உகந்த உபவாசம் எது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பசியுள்ளவனுக்கு ஆகாரம், வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம் என்று போய்க் கடைசியில் "உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்" என்று முடியும், மாம்சமானவன் என்றால் சொந்த ரத்தம். நாங்கள் ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பற்றியே அதைப் பிரசங்கித்துக்கொண்டிருக்கிறோம், அந்தக் கடைசித் துண்டை மெதுவாக விட்டுவிடுவோம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், இங்கே பதில் எழுத வேண்டாம். நீங்கள் கொடுக்காதது பணம் இல்லாததாலா, கேட்டவர் அண்ணன் என்பதாலா?

நைட் ஷிப்ட் (கடலூர்):

ஐயா, பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். முதலில் கோபம்தான் வந்தது. கேண்டீன் டீ இலவசம், உங்கள் கணக்கு தப்பு என்று எழுதி அனுப்பாமல் அழித்தேன்.

எழுத வேண்டாம் என்றீர்கள், இருந்தாலும் சொல்கிறேன், ரெண்டாவது காரணம்தான். அப்பா வீட்டுப் பின்பக்க மதில் யாருக்கு என்கிற தகராறில் மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அந்த மூன்று வருஷத்தில் அவர் பண்ணின முதல் போன் அது. இன்னொன்றும் நான் முதல் பதிவில் எழுதவில்லை. 25,000-மோ அதற்கு மேலோ கொடுக்கிறவர்கள் பேர் மண்டப வாசலில் கல்லில் வரும்.

போதகரிடம் போய் பொருத்தனையைத் தவணையாகக் கட்டுகிறேன் என்றேன். "சரி தம்பி, அம்மாவைப் பாருங்க" என்றார், அவ்வளவுதான். கல்லில் பேர் வருமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ் மாறி வில்லியனூர் போனேன், அண்ணன் இப்போது அங்கேதான். அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், முட்டியில் நொச்சி இலை வாசம். பணத்தைக் கொடுத்தேன். அண்ணன் எண்ணாமல் அலமாரியில் வைத்தார், எண்ணியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, மதில் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. மின்விசிறி சத்தம்தான். அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார், எனக்குப் பிடிக்குமென்று இஞ்சி தட்டிப் போட்டு. லெந்து, டீ விட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்துவிட்டேன்.

மிஷன் வீதிக்காரன் (புதுச்சேரி):

சர்க்கரை எப்படி இருந்தது அண்ணே?

நைட் ஷிப்ட் (கடலூர்):

கொஞ்சம் தூக்கல்.