சத்துமாவு பாக்கெட்டா, கையில் பணமா?

பாலாற்றங்கரையான்:
தங்கையைக் குடியாத்தம் பக்கம் கொடுத்திருக்கிறோம். ஐந்தாம் மாதம். பால்வாடியில் தரும் சத்துமாவை அவள் மாமியார் கரைத்து எருமைக்கு ஊற்றுகிறார். கேட்டால், "இவளுக்கு அந்த வாசனையே குமட்டுது, வீணாகவா போடுவது?" என்கிறார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாயிலும் 4,000 ரூபாய்க்குப் பேரீச்சம்பழம், நெய், டானிக் என்று இரண்டு பெட்டகம்தான் வருகிறது. எல்லாவற்றையும் பணமாகவே கொடுத்தால் என்ன? வேர்க்கடலையும் கேழ்வரகும் வட ஆற்காட்டு மண்ணில் விளையாததா? கொல்லையில் முருங்கை வேறு நிற்கிறது.

காட்பாடி அக்கா:
தம்பி, மீதி 14,000 பணமாகத்தானே வருகிறது? வந்த தவணை எங்கே போனது என்று தங்கையைக் கேளுங்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். பணம் ஏறிய அன்றே குழுக்கடன் தவணைக்குப் போய்விடும். அதில் முட்டை வாங்கி நான் பார்த்ததில்லை. பாக்கெட்டையாவது யாரும் பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

பாலாற்றங்கரையான்:
எருமை பிடுங்கிக்கொள்கிறதே அக்கா!

கூழ்ப்பானை:
ஏழைப் பெண்ணுக்குச் செலவழிக்கத் தெரியாது என்கிற மாதிரி இருக்கிறது அக்கா பேச்சு. கடனை அடைப்பது குற்றமா? இன்னொன்று, என் அண்ணிக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது. சத்துமாவில் வெல்லம் இருக்கிறது, வேண்டாம் என்றார் டாக்டர். ஆனாலும் பாக்கெட் வந்துகொண்டே இருந்தது. பணமாக இருந்தால் பயறும் முட்டையும் வாங்கியிருப்போம்.

காட்பாடி அக்கா:
சர்க்கரை விஷயம் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை இல்லை. அவளுக்குச் செலவழிக்கத் தெரியும். ஆனால் ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது? வீட்டில் கடைசியாக உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள்தானே? கர்ப்பத்தில் நாளைக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறார்கள். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் 600. ரசம் சாதத்தில் எங்கிருந்து வரும்?

பழைய டீச்சர்:
28 வருடம் பால்வாடியில் இருந்தவள் சொல்கிறேன். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் மூன்று முட்டை. என் கண்முன்னால் உரித்து, என் கண்முன்னால் தின்றார்கள். அதில் சண்டையே வந்ததில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாவுதான் வழி மாறுகிறது. கர்ப்பிணிக்கும் மையத்திலேயே சுடச்சுடச் சமைத்துப் போட்டால் பணமா மாவா என்ற பேச்சே எழாது.

காட்பாடி அக்கா:
நாளைக்கு ஆயிரம் பீடி கணக்குக் காட்ட வேண்டியவள், மத்தியானம் முறத்தைப் போட்டுவிட்டு உங்கள் மையத்துக்கு வருவாளா டீச்சர்?

பழைய டீச்சர்:
வரமாட்டாள்தான். அங்கேதான் எனக்கும் உதைக்கிறது.
பாலாற்றங்கரையான் தம்பிக்கு ஒன்று: அந்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால்தான் குமட்டும். லேசாக வறுத்து, உடைத்த வேர்க்கடலை சேர்த்து உருண்டை பிடியுங்கள். இல்லையென்றால் இரண்டு பங்கு கேழ்வரகு மாவுக்கு ஒரு பங்கு போட்டு, முருங்கைக்கீரையும் வெங்காயமும் கிள்ளிப்போட்டு அடை தட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் விழுங்கக் கூடாது, சத்து உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு வேளைக்கு வையுங்கள். எலுமிச்சைச் சாறு நல்லது.

பாலாற்றங்கரையான் (நான்கு நாள் கழித்து):
அடை தட்டினார்கள். தங்கை மூன்று தின்றாளாம், மாமியார் இரண்டு. எருமைக்கு இந்த வாரம் தவிடுதான். ஆனாலும் பணம் விஷயத்தில் நான் மாறவில்லை அக்கா.

காட்பாடி அக்கா:
நானும்தான் மாறவில்லை. ஏடிஎம் கார்டு யாரிடம் என்று கேட்டீர்களா?

கூழ்ப்பானை:
கார்டு இருக்கட்டும். சர்க்கரை டெஸ்ட் எடுத்தாயிற்றா? ஒரு தடவை எடுத்திருந்தாலும் ஆறாம் மாதம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் வெல்லத்தைப் பேசலாம்.