புதுப்பிப்பு: பொங்கல் கழித்து மாமல்லபுரம் போய் வந்தோம்

மார்கழிக் குளிரில் மனைவிக்கு முழங்கால் வலி தாங்கவில்லை, கடற்கரை ஓட்டல் ஒன்றில் நாலு நாள் வெயில் காயப் போகலாமா என்று டிசம்பரில் கேட்டிருந்தேன். மழை ஓயட்டும், பொங்கல் கழித்துப் போங்கள் என்றீர்கள். அப்படியே செய்தோம். ஒரு சொட்டு மழை இல்லை. ரொம்ப நன்றி.

காட்பாடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். பாலாற்றுப் பாலத்தில் ஒரே பனி. எதிரே வந்த லாரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு தாண்டியதும் நல்ல வெயில்.

போகிறவர்களுக்கு ஒன்று. நம் கரை கிழக்கு பார்த்தது, அதனால் கடல் பார்த்த பால்கனியில் காலை வெயில்தான், மதியத்துக்கு மேல் நிழல். எங்களுக்கு முதல் நாள் தோட்டம் பார்த்த அறையைக் கொடுத்துவிட்டார்கள். பணம் கட்டியது கடல் பார்த்த அறைக்கு! மறுநாள் பேசித்தான் மாற்றினோம். பதியும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் தினமும் 7 மணிக்கே நாற்காலியைப் போட்டு, முழங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அலை பலமாக இருந்ததால் கடலில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை கடற்கரைக் கோயிலுக்குப் போனோம். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய அந்தக் கோயிலை, என் கையைப் பிடிக்காமலேயே ஒரு சுற்று சுற்றி வந்தாள்.