ககாவாவில் உதோனும் 785 படிகளும்

ஷிகோகு தீவின் வடகிழக்கில் இருக்கிறது ககாவா, ஜப்பானின் 47 மாகாணங்களில் ஆகச் சிறியது. பழைய பெயர் சனுகி. மழை குறைவான சீமை. ரயில் ஜன்னலில் பார்த்தால் ஏரியும் குளமுமாகக் கடந்துகொண்டே இருக்கும். கோதுமைக்குப் பேர் போன இடம் என்பதால், கோதுமை மாவில் செய்யும் தடித்த நூடுல்ஸான உதோன் இங்கே காலைச் சாப்பாடே ஆகிவிட்டது.

நான் போன கடையில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சிறியதா பெரியதா என்று சொன்னால் வெந்த உதோனைக் கொடுப்பார்கள். அதைக் கைப்பிடி வைத்த சல்லடைக் கூடையில் போட்டு, கொதிக்கிற நீரில் சில விநாடி முக்கி, கிண்ணத்தில் கவிழ்க்க வேண்டும். நான் தண்ணீரை உதறாமல் கொட்டிவிட்டேன். பின்னால் நின்ற பாட்டி சிரித்துக்கொண்டே தன் கூடையைத் தூக்கி 'சட் சட்' என்று இரண்டு உதறு உதறிக் காட்டினார். பிறகு பாத்திரத்துக் குழாயைத் திறந்து ரசம் போன்ற சாறு பிடித்து, மேலே வெங்காயத்தாளும் இஞ்சித் துருவலும். உதோன் சுண்டுவிரல் அகலம், பல்லில் இழுபடுகிற பதம். சாறு நெத்திலி மாதிரியான சின்னக் கருவாட்டில் செய்தது. சைவக்காரர்கள் வெறும் உதோன்தானே என்று ஏமாந்துவிடாதீர்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மலைக்கோயில் ஊரான கொதொஹிரா. கொம்பிரா சாமியின் பிரதான சன்னதிக்கு 785 படி. கடலோடிகளின் காவல் தெய்வம். 'கொம்பிரா' என்பது சம்ஸ்கிருத 'கும்பீர'விலிருந்து வந்ததாம், அதாவது முதலை. நம் அகராதியிலும் கும்பீரம் என்றால் முதலைதான்! அதன் பிறகு ஏறுவதற்குக் கொஞ்சம் உரிமை வந்தது போல இருந்தது, முட்டி ஒத்துழைக்கவில்லை என்றாலும். பெரிய வாசலைத் தாண்டியதும் வெள்ளைக் குடைகளுக்குக் கீழே மிட்டாய் விற்கிறார்கள். பரம்பரையாக ஐந்து குடும்பங்களுக்கு மட்டும் உள்ள உரிமை அது. விசிறி வடிவத்தில் மஞ்சள் மிட்டாய், உடைத்துச் சாப்பிட விரல் நீளச் சுத்தியல் ஒன்றும் கூடவே.

மேலே போனால் சனுகிச் சமவெளி முழுக்க விரிகிறது. நடுவில் பானையைக் கவிழ்த்தது போல ஈனோ மலை, வெறும் 422 மீட்டர். அதற்கு சனுகி ஃபூஜி என்று பட்டம்!

இறங்கும்போது மணி இரண்டு. இன்னொரு கிண்ணம் அடிக்கலாம் என்று காலைக் கடைக்கே ஓடினேன். வாசல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைய உதோன் தீர்ந்துவிட்டதாம். மிச்சமிருந்த மிட்டாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.