முதல் குதிரை: தீனி எவ்வளவு?

கேள்வி:
ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் பெண்குதிரை வாங்கப் போகிறேன். மாடு வளர்த்த பழக்கம் உண்டு. தினமும் எவ்வளவு கொள்ளு வைக்கலாம்?

பதில்:
தம்பி, முதலில் புல்லைப் பேசுவோம். குதிரை அசைபோடாது, இரைப்பை சிறியது, வாந்தியும் எடுக்க முடியாது. ஒரே வேளையில் தானியத்தைக் கொட்டினால் வயிற்றுவலியில் உயிரே போய்விடும். 300 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 5, 6 கிலோ உலர்புல், பல வேளையாகப் பிரித்து. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
வயிற்றுவலியை எப்படி அறிவது அண்ணா?

பதில்:
விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைக் காலால் கீறும், படுத்துப் புரளும். உடனே மருத்துவரை அழையுங்கள். நலமான குதிரைக்கு ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. குதிரை வந்ததுமே அதன் தாடையடியில் விரல் வைத்து எண்ணிப் பழகுங்கள்.

மற்றொருவர்:
குளம்பையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் சீவ வேண்டும்.