கிரேடு 5 டைட்டானியம்: 700 டிகிரியில் காற்றில் வைத்தபின் நீட்சி மட்டும் ஏன் சரிகிறது?

உலைமுகம்:
கிரேடு 5 (6% அலுமினியம், 4% வனேடியம்) தகட்டிலிருந்து வெட்டிய, 2 மி.மீ. தடிமனுள்ள டென்சைல் (இழுத்துச் சோதிக்கும்) மாதிரிகள். 700 டிகிரி செல்சியஸில், காற்றில், 50 மணி நேரம். மேலே படிந்த ஆக்சைடு செதிலை சாண்ட் பிளாஸ்டிங்கில் எடுத்த பிறகுதான் இழுத்தோம். யீல்டு (நிரந்தர உருமாற்றம் தொடங்கும் தகைவு) பெரிதாக மாறவில்லை, நீட்சி (உடையும் முன் நீளும் அளவு) பாதிக்கும் கீழே போய்விட்டது. நடுப்பகுதியின் நுண்கட்டமைப்பும் மாறவில்லை. செதில்தான் போய்விட்டதே, பிறகு எது உடைக்கிறது? வெற்றிட உலையில் அனீல் செய்தால் (சூடாக்கி ஆற்றினால்) நீட்சி திரும்புமா?

நுண்தடம்:
உடைப்பது செதிலுக்கு அடியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். இந்தக் கலவையில் ஆல்ஃபா, பீட்டா என இரு படிக வடிவங்கள் உண்டு. ஆல்ஃபா டைட்டானியம் ஏறக்குறைய 33 அணு சதவீதம் வரை ஆக்சிஜனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அது ஆல்ஃபாவை நிலைப்படுத்துவதால் மேற்பரப்பில் பீட்டா குறைந்து ‘ஆல்ஃபா கேஸ்’ என்ற மேலடுக்கு உருவாகிறது. அணிக்கோவையின் எண்முக இடைவெளிகளில் உட்காரும் ஆக்சிஜன் அணு அடுக்குகளின் நழுவலைத் தடுக்கிறது. அதனால் அந்த அடுக்கு கண்ணாடி போல நொறுங்கும். உள்ளே 330 விக்கர்ஸ் (கடின அலகு) அளவில் இருக்கும் கடினம் விளிம்பில் 600-ஐத் தாண்டுவது சகஜம்.

இழுக்கும்போது கேஸ் முதலில், சில சமயம் 1% பிளாஸ்டிக் திரிபுக்குள்ளேயே, இழுவிசைக்குக் குறுக்காக வரிசையாக விரியும். ஒவ்வொரு விரிசலும் கூர்மையான வெட்டு போல உள் உலோகத்தைத் தாக்குகிறது. யீல்டைத் தீர்மானிப்பது முழு குறுக்குப் பரப்பு, அதில் கேஸ் சிறு பங்குதான். அதனால் யீல்டு அசையாது. உடைந்த முகத்தை எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) பாருங்கள்: ஓரம் முழுக்கத் தட்டையான பிளவு, நடுவில் நீண்டு உடைந்ததற்கு அடையாளமான குழிகள் தெரியும்.

செங்கனல்:
வெற்றிட அனீல் வேண்டவே வேண்டாம். வெற்றிடத்தில் வெளியேறுவது ஹைட்ரஜன் மட்டும். ஆக்சிஜன் வெளியே வராது, இன்னும் ஆழமாகப் போகும். மிச்சமிருக்கும் ஆக்சைடும் 700 டிகிரியில் உலோகத்துக்குள் கரைந்துவிடும். மேற்பரப்பு பளபளப்பாக வரும், பார்ப்பவர் சரியாகிவிட்டது என்று நம்புவார். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரே வழி அந்த அடுக்கை வெட்டி எடுப்பதுதான்: மெஷினிங், அல்லது பிக்ளிங் (அமிலத்தில் அரித்து எடுப்பது). பிக்ளிங் என்றால் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் (எச்எஃப்) குறைந்தது 10:1. நைட்ரிக் குறைந்தால் ஹைட்ரஜன் உள்ளே ஏறும், வேறொரு நொறுங்கல் தொடங்கும். செதில் இருந்தால் அமிலம் சீராகத் தின்னாது, அதை முதலில் எடுங்கள். எச்எஃப் அருகே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் (அந்த அமிலக் காயத்துக்கான முதலுதவி) இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது.

உலைமுகம்:
எவ்வளவு எடுப்பது? மெல்லிய நீல நிறம்தான் என்றால் விட்டுவிடலாமா?

நுண்தடம்:
நிறம் ஆக்சைடின் தடிமனைத்தான் சொல்லும், கேஸின் ஆழத்தை அல்ல. குறுக்காக வெட்டி, ஓரம் வட்டமாகாதபடி மவுண்ட் செய்து, 2% அம்மோனியம் பைஃபுளோரைடில் எட்ச் செய்தால் (லேசாக அரித்தால்) கேஸ் வெள்ளையாகத் தெரியும். ஆனால் ஆக்சிஜன் பரவிய ஆழம் அந்த வெள்ளைக் கோட்டையும் தாண்டும். ஆகவே 25 கிராம் பாரத்தில் மைக்ரோஹார்ட்னஸ் (நுண்ணிய இடங்களில் கடினம்) எடுங்கள். குத்துத் தடங்கள் நெருங்கினால் அளவு பொய்யாகும், ஜிக்-ஜாக்காக வையுங்கள். கடினம் உள் மதிப்புக்கு வந்து நிலைக்கும் ஆழம் வரை எடுக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவும்.

திரிபுமானி:
டென்சைலோடு நிறுத்தாதீர்கள், ஃபெடீக்கில்தான் (திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும் சோர்வில்தான்) அடி பலம். கேஸ் விரிந்ததும் அதன் ஆழமே தொடக்க விரிசல் ஆழம். 50 மைக்ரான் கேஸ், தெரஷோல்டு டெல்டா-கே (விரிசல் நகரத் தேவையான குறைந்தபட்ச தகைவுச் செறிவு வீச்சு) 4 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர் என்று வைத்தால், 1.12 ஓர விரிசல் காரணியோடு கணக்கு சுமார் 285 மெகாபாஸ்கல் தகைவு வீச்சில் நிற்கிறது. அதற்கு மேல் விரிசல் நகரும்.

தடுப்பதே சிக்கனம். ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும், வெப்பநிலையோடு அடுக்குக்குறியாக. ஆக்சிஜன் பரவலின் ஆக்டிவேஷன் எனர்ஜி (பரவல் நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல்) மோலுக்கு 200 கிலோஜூல் என்றால், 600-லிருந்து 700-க்குப் போகும்போது பரவல் சுமார் 17 மடங்கு, ஆழம் 4 மடங்கு. ஆகவே நேரத்தைப் பாதியாக்குவதைவிட 50 டிகிரி குறைப்பதே கூடுதல் பலன். சூடாக்குவதற்கு முன் கைரேகையும் உப்பும் போகக் கழுவுங்கள், குளோரைடு தனிக் கேடு.